பின்சக்கரமும் திரும்பும் ரேஞ்ச் ரோவர்: ஓட்டுநர் இருக்கையிலிருந்து

இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் விலை போகும் வண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் மெத்தையைப் பற்றி எழுதுவார்கள், பாட்டுக் கருவியைப் பற்றி எழுதுவார்கள், பின்னிருக்கையில் கால் நீட்ட எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து சொல்வார்கள். அப்படிப்பட்ட வண்டிகளை நம் ஊரில் நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற சம்பள ஓட்டுநர்கள். எங்களிடம் யாரும் கேட்பதில்லை. அம்பாசடரில் தொழில் பழகி, குவாலிஸ், இன்னோவா, ஃபார்ச்சூனர் என்று ஓட்டி, இப்போது சென்னையில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர் ஓட்டுகிறேன். இந்த வண்டியில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றே ஒன்று: பின்சக்கரங்களும் திரும்புகின்றன. வண்டி வாங்கிய ஐயாவுக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. காசு அவருடையது, பயன் முழுக்க எனக்கு. அதனால் மதிப்புரையும் நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வண்டி நீளம் குறைந்த வகை. குறைந்தது என்றால் 5,052 மில்லிமீட்டர். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே மட்டும் 2,997 மில்லிமீட்டர். கண்ணாடிகளை மடக்கினாலும் அகலம் 2 மீட்டரைத் தாண்டும். இப்படிப்பட்ட உருவத்தைப் பார்த்ததும் எந்த ஓட்டுநருக்கும் வயிற்றைக் கலக்கும் கேள்வி ஒன்றுதான்: இது எங்கே திரும்பும்?

ஃபார்ச்சூனரின் திரும்பு ஆரம் 5.8 மீட்டர், அதாவது முழுக்க ஒடித்துத் திரும்பும்போது போடும் வட்டத்தின் குறுக்களவு 11.6 மீட்டர். இன்னோவா கிரிஸ்டாவுக்கு ஆரம் 5.4, வட்டம் 10.8. ஃபார்ச்சூனரைவிட ஏறக்குறைய அரை முழம் நீளம் கூடிய இந்த ரேஞ்ச் ரோவருக்கு வட்டம் 10.95 மீட்டர். இன்னோவா திரும்புகிற இடத்தில் ஏறக்குறைய இதுவும் திரும்பிவிடும் என்று பொருள். காகிதத்தில் பார்த்தபோது நான் நம்பவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு அடித்துச் சாலையைக் குறுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த இடங்களில் நடுத்தடுப்பைச் சுற்றித் திரும்பிப் பார்த்த பிறகு நம்பினேன். ஃபார்ச்சூனரில் ஒரு தடவை ரிவர்ஸ் போட்டு, பின்னால் நிற்கும் ஷேர் ஆட்டோக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பிய இடத்தில், இது ஒரே ஒடிப்பில் திரும்பியது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வட்டக் கணக்கு டயர் தரையில் போடும் கோட்டைப் பொறுத்தது. டயருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும். நடைபாதை விளிம்பு தாழ்வாக இருந்தால் மூக்கு அதற்கு மேலாகப் போய்விடும். தகரத் தடுப்பாக இருந்தால் போகாது.

இது எப்படி நடக்கிறது? சாதாரண வண்டியில் முன்சக்கரம் திரும்பும், பின்சக்கரம் இழுத்த இழுப்புக்கு வரும். இந்த வண்டியில் பின் அச்சிலும் ஒரு மின்மோட்டார் இருக்கிறது. மெதுவாகப் போகும்போது முன்சக்கரம் வலப்பக்கம் ஒடிந்தால் பின்சக்கரம் இடப்பக்கம் ஒடியும், அதிகபட்சம் 7.3 டிகிரி. கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தப் புள்ளி பின் அச்சுக்கு நேராக இல்லாமல் முன்னால் நகர்ந்து வந்துவிடுகிறது. வண்டி தன் நடுவயிற்றைச் சுற்றித் திரும்புவதுபோல இருக்கும். சக்கர இடைவெளி குறைந்த சின்ன வண்டியின் சுறுசுறுப்பு பெரிய உடம்புக்கு வந்துவிடுகிறது. வேகம் கூடியதும் கதை மாறும். பின்சக்கரமும் முன்சக்கரம் திரும்பும் பக்கமே, மிகச் சிறிய கோணத்தில் திரும்பும். எப்போது எந்தப் பக்கம், எவ்வளவு என்று முடிவு செய்வது கணினி. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்திருக்கிறோம், வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பதையெல்லாம் பார்த்துப் பின் மோட்டாருக்குக் கட்டளை தருகிறது. முன் ஸ்டீயரிங்கையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் தண்டு எதுவும் கிடையாது.

ஆனால் தண்டு வைத்தும் செய்திருக்கிறார்கள். 1987-இல் ஹோண்டா பிரிலூட் என்ற இரண்டு கதவு வண்டியில், முன் ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து பின்பக்கம் வரைக்கும் நீளமாக ஒரு தண்டு ஓடியது. கணினி கிடையாது, வேகம் எவ்வளவு என்பதே அதற்குத் தெரியாது. ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பினால் பின்சக்கரம் அதே பக்கம் ஒன்றரை டிகிரி வரை திரும்பும். முக்கால் சுற்றை நெருங்கும்போது அது நேராகிவிடும். அதற்கு மேல் ஒடித்தால் எதிர்ப்பக்கம், முழு ஒடிப்பில் 5.3 டிகிரி. ஏன் அப்படி என்று யோசித்தால் அந்தப் பொறியாளர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவன் எவனாவது ஸ்டீயரிங்கை முக்கால் சுற்று திருப்புவானா? மாட்டான். நிறுத்துமிடத்தில் மட்டும்தான் திருப்புவான். வேகத்தை அளக்காமலே வேகத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சின்ன வண்டிக்கு அது அவ்வளவு அவசியமா என்றால், இல்லை. கூடுதல் விலை, கூடுதல் எடை, கூடுதல் பல்சக்கரங்கள். நிசான், மாஸ்டா எல்லாரும் அந்தக் காலத்தில் முயன்றார்கள். பிறகு மெல்ல ஓய்ந்துபோனது. 2002 முதல் 2005 வரை அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் பெரிய பிக்கப் வண்டிகளில் பின்சக்கரம் 12 டிகிரி வரை திரும்பும் அமைப்பை விற்றது. அதுவும் நிலைக்கவில்லை. இப்போது கார்கள் நீண்டுகொண்டே போவதால் பழைய யோசனைக்கு மறுபடியும் வேலை வந்திருக்கிறது.

நம் சாலைகளில் இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் காற்றாலை இறக்கை ஏற்றிப் போகும் டிரெய்லரைப் பார்க்கலாம். ஆரல்வாய்மொழிப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். முன்னால் லாரியை ஓட்டுகிறவர் ஒருவர், வளைவு வந்தால் பின்பக்க அச்சுகளைத் தனியாகத் திருப்புவதற்கு இன்னோர் ஆள். இந்த ரேஞ்ச் ரோவரில் அந்த இரண்டாவது ஆளின் வேலையைக் கணினி செய்கிறது, கூலி கேட்காமல்.

மலைப்பாதைக்கு வருகிறேன். ஐயா குடும்பத்துக்கு வால்பாறை மிகவும் பிடிக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் ஓட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும்: வளைவில் முன்சக்கரம் போகும் கோட்டில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு வெட்டும். அதனால்தான் அரசுப் பேருந்து ஓட்டுநர் வளைவில் எதிர்ப்பக்கத்தையும் எடுத்துக்கொண்டு அகலமாகத் திருப்புகிறார். திமிர் என்று காரில் போகிறவர்கள் நினைப்பார்கள். அப்படித் திருப்பாவிட்டால் அவருடைய பின்சக்கரம் உள்பக்கக் கால்வாயில் இறங்கிவிடும்.

பின்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பும் வண்டியில் இந்த வெட்டு குறைகிறது. பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தைப் பெருமளவு ஒட்டியே வருகிறது. பத்திரிகைகளில் யாரும் இதைப் பெரிதாக எழுதியதாகத் தெரியவில்லை. எனக்கோ இந்த வண்டியில் கிடைத்த பெரிய நன்மையே இதுதான். ஒன்பதாம் வளைவில் ஆழியாறு அணையைப் பார்க்க எப்போதும் வண்டிகள் ஓரம் கட்டி நிற்கும். மேலிருந்து பேருந்து இறங்கும். வரையாடு தெரிந்தால் நடுரோட்டில் நிறுத்திப் படம் எடுக்கிறவர்களும் உண்டு. அந்த நெருக்கடியில் என் பாதிச் சாலைக்குள்ளேயே, உள்பக்கச் சக்கரம் கால்வாய் விளிம்பைத் தொடாமல் ஏற முடிகிறது. கையைக் கையை மாற்றிச் சுற்ற வேண்டிய வேலையும் குறைகிறது. ஒரு வளைவில் இது சிறிய சௌகரியம். 40 வளைவு ஏறி முடித்த பிறகு தோள்பட்டைக்குத் தெரியும்.

ஐயாவின் தாயாருக்கு மலைப்பாதை என்றாலே வாந்திதான். எலுமிச்சம்பழமும் பையுமாகத்தான் ஏறுவார். இந்த வண்டியில் முதல்முறை வால்பாறை போய் இறங்கியபோது, "என்ன தம்பி, இன்றைக்கு மெதுவாகத்தான் வந்தாயா?" என்று கேட்டார். "வழக்கமான வேகந்தான் அம்மா" என்றேன். அதற்குக் காற்று சஸ்பென்ஷனுக்கும் பங்கு உண்டு. எல்லாப் புகழையும் பின்சக்கரத்துக்கே கொடுக்க மாட்டேன்.

ஆனால் நெடுஞ்சாலையில் தடம் மாறும்போது பின்னிருக்கைக்குக் கிடைக்கும் நிதானத்தில் பின்சக்கரத்தின் பங்கு நிச்சயம் உண்டு. சாதாரண வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முதலில் முன் டயர்தான் பக்கவாட்டில் பிடிக்கும். மூக்கு திரும்பும். அதற்குப் பிறகு, ஒரு கணம் கழித்துத்தான் பின் டயர் பிடிக்கும். இந்த இடைவெளியில் வண்டியின் பின்பக்கம் லேசாக வீசி அடங்குகிறது. முன்னால் இருக்கிறவனுக்கு அது தெரியாது, ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறான், என்ன வரப்போகிறது என்றும் அவனுக்குத் தெரியும். பின்னால் கைப்பேசியில் படித்துக்கொண்டிருக்கிறவருக்கு வயிற்றில் தெரியும். பின்சக்கரமும் அதே பக்கம் திரும்பினால் இரண்டு அச்சும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிடிக்கின்றன. வண்டி திரும்பிப் போவதாகத் தோன்றாது; பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த தடத்தில் உட்கார்ந்துகொள்வதாகத் தோன்றும். வாலாஜாபேட்டை தாண்டி, தடம் மாறி மாறி லாரிகளைக் கடக்க வேண்டியிருக்கும் நீட்டத்தில் இதை நன்றாக உணரலாம். ஃபார்ச்சூனரில் இதே வேலையைச் செய்தால் ஐயா தலையைத் தூக்கிப் பார்ப்பார். இதில் பார்ப்பதில்லை. ஓட்டுநருக்கு அதைவிட வேறு சான்றிதழ் கிடையாது.

இனிக் குறைகள். இவை விற்பனை அறையில் சொல்லப்படுவதில்லை.

முதலாவதும் பெரியதும், வால் வீச்சு. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பின்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது என்றால், வண்டி வலப்பக்கம் கிளம்பும்போது பின்பம்பரின் இடது மூலை வெளியே தள்ளும். எல்லா வண்டியிலும் இது கொஞ்சம் உண்டு. இதில் கூடுதல். நம் ஊரில் இடப்பக்கச் சுவரையோ தூணையோ ஒட்டி நிறுத்துகிறோம், ஓட்டுநர் உட்கார்ந்திருப்பதோ வலப்பக்கம். எது இடிக்கப்போகிறதோ அது என் கண்ணுக்கு மிகத் தூரத்தில் இருக்கிறது.

எவ்வளவு வீசுகிறது என்று நானே பார்த்துவிட நினைத்தேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில், வண்டியின் இடப்பக்கம், பின்சக்கரத்துக்கு நேராக ஒரு காலித் தண்ணீர் கேனை வைத்தேன். வண்டியின் உடம்பிலிருந்து அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளி. காவலாளியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஸ்டீயரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்து, ஊர்ந்தபடி கிளப்பினேன். "அண்ணே, பின்சக்கரமும் திரும்புகிறதே!" என்று அவர் முதலில் கத்தினார். அடுத்த நொடி பம்பர் மூலை வந்து கேனைத் தள்ளியது. கேன் உருண்டுபோய் எதிர்த் தூணில் மோதியது. வீட்டிலிருக்கும் பழைய இன்னோவாவைக் கொண்டுவந்து அதே இடத்தில், அதே இடைவெளியில் வைத்துக் கிளப்பினோம். கேன் அப்படியே நின்றது. காவலாளிக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. மூன்றாம் மாடிக்காரரின் ஓட்டுநரையும் அழைத்துக் காட்டினார்.

ஆகவே இதற்கென்று ஒரு பழக்கம் வேண்டும். சுவரை ஒட்டி நின்றால், முதலில் நேராகப் பாதி வண்டி நீளமாவது முன்னால் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒடிக்க வேண்டும். உயரமான நடைபாதை விளிம்பை ஒட்டி நிறுத்தினாலும் அப்படியே. இல்லாவிட்டால் பின் டயரின் பக்கச்சுவர் கல்லில் தேயும். அந்த டயரின் விலையைக் கேட்டால் ஒரு மாதச் சம்பளம் நினைவுக்கு வரும்.

ரிவர்ஸ் எடுப்பதிலும் கை பழகிய கணக்கு மாறிவிடுகிறது. பக்கத்துத் தூண் என் தோளுக்கு நேராக வந்ததும் ஒடிக்கத் தொடங்க வேண்டும் என்று இத்தனை வருடங்களாக ஒரு கணக்கு இருக்கிறது அல்லவா, அந்தக் கணக்கில் ஒடித்தால் இந்த வண்டி தேவைக்கு முன்பே உள்ளே திரும்பிவிடும். சற்றுத் தாமதமாக ஒடிக்க வேண்டும். கேமரா கோடுகளைப் பார்த்து ஓட்டும் இளைய ஓட்டுநர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. கண்ணாடியைப் பார்த்து ஓட்டப் பழகியவர்களுக்குத்தான் கை முரண்டு பிடிக்கும். ஒரே வீட்டில் இந்த வண்டியையும் இன்னொன்றையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் ஏறி உட்கார்ந்ததும் எதில் இருக்கிறோம் என்று ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, இது வளையுமே தவிர ஒடுங்காது. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பூக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவே நிற்கும் ஸ்கூட்டர் வரிசையைத் தாண்டும்போது பின்சக்கரம் எவ்வளவு திரும்பினால் என்ன? அங்கே அகலம்தான் பேசும். கபாலீசுவரர் கோயிலுக்கு அம்மாவை அழைத்துப்போவதென்றால் இன்றைக்கும் நான் இன்னோவாவைத்தான் எடுக்கிறேன்.

மூன்றாவது பராமரிப்பு. பின் அச்சில் மோட்டார், சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராட் கூடுதலாக, அவற்றின் மூட்டுகள் என்று தேய்கிற பொருள்கள் கூடியிருக்கின்றன. தெருமுனைக் கடையில் வீல் அலைன்மென்ட் பார்ப்பதை மறந்துவிட வேண்டும். முன்சக்கரத்தை நேராக்குவதற்கு முன்னால் பின்சக்கரம் சுழியத்தில் நிற்கிறதா என்று கருவியை இணைத்துப் பார்த்து, பிறகு அளவைக் கணினிக்குச் சொல்லித்தர வேண்டும். அது தெரியாமல் பின்பக்கக் கம்பியில் ஸ்பேனர் வைத்தால் வண்டி நேராகப் போகும், ஆனால் கொஞ்சம் கோணலாக நின்றபடி போகும்; டயர் உள்பக்கமாகத் தேயும். பள்ளத்தில் பலமாக விழுந்து எழுந்தால் ஸ்டீயரிங் நடுவில் இருக்கிறதா என்று நேர்ச்சாலையில் பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

மற்ற வண்டிகளில் எப்படி? பி.எம்.டபிள்யூ. 7 வரிசையில் பின்சக்கரம் 3.5 டிகிரி வரை திரும்புகிறது. மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் 10 டிகிரி வரை உண்டு. அதில் பின் அச்சிலிருக்கும் மோட்டார் ஒரு பெல்ட் மூலம் திருகுத்தண்டை நகர்த்துகிறது. அதே நிறுவனத்தின் இ.க்யூ.எஸ். மின்சார வண்டியில் ஒரு வேடிக்கை நடந்தது. அதில் அப்போது 4.5 டிகிரி வழக்கமானது. 2021-இல் ஜெர்மனியில், 10 டிகிரி வேண்டுமென்றால் ஆண்டுக்கு 489 யூரோ சந்தா என்று அறிவித்தார்கள். சக்கரத்துக்கு 10 டிகிரி திரும்பத் தெரியும், மோட்டாரும் ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது, ஆனாலும் சந்தா கட்டாதவரைக்கும் திரும்பாது என்றார்கள். சந்தா கட்டினால் 11.9 மீட்டர் வட்டம் 10.9 ஆகும். அந்த ஒரு மீட்டருக்கு வருடா வருடம் வாடகை! நல்லவேளை, ரேஞ்ச் ரோவரில் இது வண்டியோடு வருகிறது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வண்டியின் நீளத்தைப் பொறுத்தது. சக்கர இடைவெளி 3 மீட்டரை நெருங்கினாலோ தாண்டினாலோ, பின்சக்கரம் திரும்பும் வகை கூடுதல் விலைக்குக் கிடைத்தால், தோல் இருக்கையின் நிறத்துக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுங்கள். இன்னோவா அளவு வண்டிக்கு இது தேவையே இல்லை. அது அப்படியே நன்றாகத் திரும்புகிறது. வளைவுகளில் பந்தயக் கார்போல் பறக்கும் என்று யாராவது ஆசை காட்டினால், இரண்டரை டன் எடை இரண்டரை டன் எடைதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வாங்குகிற ஐயாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். சாவியைக் கையில் கொடுத்ததும் ஓட்டுநரை நேராக விமான நிலையத்துக்கு அனுப்பாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள், இரண்டு தண்ணீர் கேனும் கொடுத்து. வழியில் வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்கவோ, முன்சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்துப் போகவோ விடாமல், நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டு லாரியை மட்டும் வரச் சொல்லும்படி அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.